பாட்டி கைல இருக்கு பாஸ்வேர்டு!



காலேஜ்ல பொங்கல் விழா. காலை ஆறு மணி. லேடீஸ் ஹாஸ்டல். இருபது பொண்ணுங்க, இருபது புடவை, பெட்டி பெட்டியா சேஃப்டி பின்... ஆனா கட்டிவிடத் தெரிஞ்ச ஆள் மட்டும் ஒண்ணே ஒண்ணு! மெஸ்ல பூரிக்கு நிக்கிற க்யூவைவிட அந்த அக்கா ரூம் வாசல்ல நிக்கிற க்யூ நீளமா இருக்கும். "கொசுவம் அவுந்துடுச்சுக்கா"னு வராண்டாவுல ஒரு குரல். போன்ல வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மூணாவது ஸ்டெப்லயே சிக்கிக்கிட்டு நிக்கிற இன்னொரு குரூப். உங்க காலேஜ்லயும் இதே கதைதானே?

பசங்க ரொம்ப சிரிக்காதீங்க பாஸ். உங்க வேட்டியில வெல்க்ரோ பிரியற சத்தம் இங்க வரைக்கும் கேட்குது.

இந்த வாரம் நாம போகப்போறது காஞ்சிபுரம். கோயில், இட்லி, பட்டு... மூணும் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். பட்டு நெய்யறதைப் பத்தி நிறையப் பேர் எழுதிட்டாங்க. நெய்த புடவையைக் கட்டற வித்தையைப் பத்தித்தான் அவ்வளவா பேச்சே இல்ல. அதனால அதைப் பேசுவோம்.

முதல்ல ஒரு எட்டு பிள்ளையார்பாளையம் போயிட்டு வந்துடலாம். நெசவாளர்கள் நிறைய வாழற பகுதி. ஒரு கோர்வைப் புடவைக்கு மூணு நாடா ஓடணும். உடலுக்கு ஒண்ணு, ரெண்டு பக்கக் கரைக்கும் தனித்தனியா ஒண்ணு. உடல் ஒரு கலர், கரை வேற கலர். ரெண்டும் சேர்ற இடத்துல ஊடை இழை ஒண்ணோட ஒண்ணு கொக்கி மாதிரி மாட்டிக்கணும். தனி ஆளா இதை ஓட்டறது கஷ்டம், பக்கத்துல துணைக்கு ஒருத்தர் உட்காரணும். (ஒரு காலத்துல அந்தத் துணை, பள்ளிக்கூடத்துல இருக்கவேண்டிய ஒரு சின்னப் பையனாவோ பொண்ணாவோதான் பல வீட்டுல இருந்தது. ஜரிகை பளபளப்பைப் பாக்கும்போது இதையும் மறக்கவேணாம்.) முந்தி வேற கலர்ல வேணும்னா பாவையே மாத்தணும். உடல் பாவோட இழை ஒவ்வொண்ணையும் முந்திப் பாவோட இழையில கையால இணைக்கணும். ஆயிரக்கணக்கான இழைங்க! இதுக்கு 'பெட்னி'னு பேர். புடவை வாங்கும்போது உடலும் முந்தியும் சேர்ற இடத்தைத் திருப்பிப் பாருங்க, அந்த வேலை தெரியும்.

இந்த வித்தைக்கெல்லாம் ஒரு பாதுகாப்பு உண்டு. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. அசல் பட்டுன்னு சொல்ல சில்க் மார்க் இருக்கு. நெசவாளர்களுக்குக் கூட்டுறவு சங்கம் இருக்கு. பழைய புடவைக்கு மியூசியம் இருக்கு. போதும், போதாதுங்கறது வேற விவாதம்.

கட்டுக்கு என்ன இருக்கு? புடவை கண்ணாடிப் பெட்டிக்குள்ள நூறு வருஷம் பத்திரமா இருக்கும். ஆனா அதை எப்படிக் கட்டினாங்கன்னு அந்தத் துணியில எங்கயும் எழுதியிருக்காது. விரிச்சுப் போட்டா அது ஒரு நீளமான செவ்வகம், அவ்வளவுதான். பட்டன் கிடையாது, தையல் கிடையாது, 'இங்கே மடிக்கவும்'னு கோடு கிடையாது. அதைத் திறக்கற பாஸ்வேர்டு பாட்டியோட கைவிரல்ல இருக்கு. பேக்கப் எடுத்தீங்களா?

'துணி இருந்தா போதாதா, கட்டுங்கறது வெறும் ஸ்டைல்தானே'ன்னு யாராவது கேட்பீங்க. அங்கதான் மேட்டரே இருக்கு. துணியே கட்டை நம்பித்தான் உயிரோட இருக்கு. நாம இப்போ கட்டற புடவை சுமார் ஐந்தரை மீட்டர், ப்ளவுஸ் துணி சேர்த்தா ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல. மடிசாருக்கு வேண்டியது 9 கஜம், அதாவது எட்டு மீட்டருக்கும் அதிகம். பழைய கணக்குல 18 முழம். மடிசார் கட்டத் தெரிஞ்சவங்க குறைஞ்சா 9 கஜம் கேட்கிறவங்க குறைவாங்க. கேட்க ஆள் இல்லாத நீளத்தை எந்தத் தறிக்காரர் பாவு போட்டு வெச்சுக்கிட்டு உட்காருவார்? கல்யாணத்துக்கு ஒரு நாள் தேவைப்படறதாலதான் அந்த நீளம் இன்னும் தறியில ஏறிக்கிட்டு இருக்கு.

இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. காஞ்சிபுரத்துல ரெட்டைப்பேட்டுன்னு ஒரு ரகம். ரெண்டு பக்கமும் நல்ல அகலமான கரை. கங்கா - ஜமுனான்னா ஒரு பக்கக் கரை ஒரு கலர், மறுபக்கம் வேற கலர். அதை நம்ம வழக்கமான ஸ்டைல்ல கட்டிப் பாருங்க. கீழ்க்கரை தெரியும். மேல்கரை? இடுப்பைச் சுத்தி மொத்தமும் பாவாடைக்குள்ள போயிடும். மாராப்புல மட்டும்தான் அது கொஞ்சம் எட்டிப் பார்க்கும். மூணு நாடா ஓட்டி, ஜரிகை போட்டு நெய்த கரையில பெரும்பகுதியை நாம இடுப்புல செருகி ஒளிச்சு வெச்சுடறோம்! பின்கொசுவம் கட்டினா அப்படி இல்ல. கொசுவத்தோட மேல் நுனி பின்பக்கம் இடுப்புக்கு வெளியில விசிறி மாதிரி விரிஞ்சு நிக்கும், மேல்கரை ஜம்முனு வெளியில தெரியும். ரெண்டு கரையும் ஏன் அவ்வளவு அக்கறையா நெய்யப்பட்டதுங்கற கேள்விக்கு பாதி பதில் தறியில இல்ல, கட்டுல இருக்கு.

பின்கொசுவம்னா என்னன்னு கேட்கிறவங்களுக்கு... முன்னால வர்ற கொசுவம் பின்னால வரும். செட்டிநாட்டுக் கண்டாங்கியை அந்தக் காலத்துல அப்படித்தான் கட்டினாங்க. கிராமத்துல வயக்காட்டு வேலை பார்த்த பாட்டிங்க நிறையப் பேரோட கட்டும் இதுதான். குனிஞ்சு நாத்து நடும்போது முன்னால கால் தடுக்க எதுவும் இருக்காது, சேலை கணுக்காலுக்கு மேலயே நிக்கும். பாவாடை வேணாம், பின் வேணாம். ஒரு சுத்து அடுத்த சுத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும். நம்ம ஹாஸ்டல் புடவை நாலு பீரியட் தாங்கறதுக்குப் பதினாலு பின் கேட்குது!

மடிசார்ல இடுப்புக்குக் கீழ பாதி வேட்டி மாதிரி கச்சம் வெச்சிருக்கும். அதுலயும் ஐயர் வீட்டுல தலைப்பு வலது தோள்ல, ஐயங்கார் வீட்டுல இடது தோள்ல. குடகுப் பெண்களுக்கும் கொசுவம் பின்னாலதான். அகத்தியரை விட்டுட்டுக் காவேரி நதியா ஓடினபோது, தண்ணியோட வேகம் அங்க நின்ன பெண்களோட கொசுவத்தைப் பின்னால தள்ளிடுச்சுன்னு ஒரு அழகான கதை சொல்றாங்க. மகாராஷ்டிராவுல 9 கஜ நவ்வாரி. இலங்கையில கண்டிப் பக்கம் ஒசரி. இப்படியே போய்க்கிட்டே இருக்கும்.

அப்புறம் எப்படி எல்லாரும் ஒரே மாதிரி கட்ட ஆரம்பிச்சோம்? அதுல ஒரு பெங்காலி மேடத்துக்குப் பங்கு உண்டு. பேரு ஞானதானந்தினி தேவி. ரவீந்திரநாத் தாகூரோட அண்ணி. புருஷன் சத்யேந்திரநாத், ஐ.சி.எஸ். பாஸ் பண்ணின முதல் இந்தியர். 1860-கள்ல அவரோட பம்பாய் போன இந்த அம்மா, அங்க பார்ஸிப் பெண்கள் கட்டறதைப் பார்த்தாங்க. ப்ளவுஸ், உள்பாவாடையோட வெளியில நாலு பேர் முன்னால போய் வர்ற மாதிரி ஒரு கட்டை உருவாக்கினாங்க. கல்கத்தா திரும்பினதும் 'யாருக்கு வேணும்னாலும் கத்துத் தர்றேன்'னு பத்திரிகையில அறிவிப்பே குடுத்தாங்க! இன்னிக்கு வீடியோ போட்டு சொல்லித் தர்ற அக்காக்களுக்கெல்லாம் இவங்கதான் சீனியர். நாம இப்போ கட்டற நிவி கட்டு நாடு முழுக்கப் பரவ இப்படிப் பல வழி உண்டு. ரவி வர்மாவோட படங்களும் சும்மா இல்ல. 1894-ல அவர் பம்பாய்ல அச்சகம் தொடங்கின பிறகு, அவர் வரைஞ்ச சரஸ்வதியும் லட்சுமியும் வீட்டுக்கு வீடு சுவர்ல ஏறினாங்க. சாமியே இப்படிக் கட்டியிருக்கும்போது நாம எப்படிக் கட்டுவோம்? வேடிக்கை என்னன்னா, பதினோரு பெண்களை விதவிதமான ஊர் உடையில உட்காரவெச்சு ஒரு இசைக்குழுப் படம் வரைஞ்சதும் அதே ரவி வர்மாதான்.

'ஐயோ, நம்ம பாரம்பரியமெல்லாம் போச்சே'ன்னு உடனே மூக்கைச் சிந்தவேணாம். இந்த விஷயத்துக்கு ஒரு கசப்பான பக்கமும் இருக்கு. அந்தக் காலத்துல ஒரு பொண்ணு தெருவுல நடந்து வந்தா, அவ கட்டைப் பார்த்தே எந்த ஊர், என்ன சாதின்னு சொல்லிடுவாங்க. அதை அழகுன்னு மட்டும் சொல்லி விட்டுட முடியாது. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்தது. அங்க நாடார் பெண்கள் தோள் மேல சீலை போடக்கூடாதுன்னு தடை. 1822-ல ஆரம்பிச்ச தோள் சீலைப் போராட்டம் அடிதடி, தீவைப்புன்னு பல வருஷம் நீடிச்சுது. கடைசியில 1859-ல அரசு உத்தரவு வந்தது. மேலுடம்பை மூடிக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் போடற அதே மாதிரி போடக்கூடாதுன்னு! யோசிச்சுப் பாருங்க. ஒரு சீலையை எந்த மாதிரி போர்த்தணும்னு ஒரு அரசாங்கம் ஆர்டர் போட்டிருக்கு.

அதனால, கலெக்டர் அம்மாவும் கட்டட வேலைக்குப் போற அக்காவும் ஒரே மாதிரி கொசுவம் வெச்சுக் கட்டறது நஷ்டக் கணக்கு மட்டும் இல்ல. அதுல ஒரு விடுதலையும் இருக்கு. 'உன் சாதிக்கு இதுதான் கட்டு'ங்கற கட்டாயம் ஒழிஞ்சது ரொம்ப நல்லது. ஆனா அந்தக் கட்டாயத்தோட சேர்த்து வித்தையையும் குப்பையில போடணும்னு யார் சொன்னா? மடிசாரை யாரு வேணும்னாலும் கத்துக்கலாம். பின்கொசுவத்தை ஜீன்ஸ் போடற பொண்ணு ஆசைப்பட்டுக் கட்டலாம். பழைய காலத்துல நடக்காத ஒண்ணு இது. எல்லாக் கட்டும் எல்லாருக்கும் சொந்தமாகற வாய்ப்பு நம்ம தலைமுறைக்குத்தான் கிடைச்சிருக்கு. அதுக்கு முன்னாடி, அது மிச்சம் இருக்கணுமே!

சரி, பசங்க பக்கம் வருவோம். 'இது பொம்பளைங்க மேட்டர், நாங்க அடுத்த பக்கம் போறோம்'னு கிளம்பறவங்க கொஞ்சம் உட்காருங்க. காஞ்சிபுரத்துலயே தினமும் புடவை கட்டிவிடற வேலையைச் செய்யறவங்க ஆம்பளைங்கதான். கோயில் அர்ச்சகர்கள்! காமாட்சி அம்மன் பத்மாசனத்துல உட்கார்ந்த கோலம். நிக்கிற ஆளுக்குக் கட்டறதே நமக்குத் தகராறு. உட்கார்ந்த சிலைக்கு, அசையாத கல்லுக்கு, கொசுவம் விசிறியா விரிஞ்சு முன்னால விழற மாதிரி கட்டணும்னா எவ்வளவு கைப்பழக்கம் வேணும்? சின்னக் காஞ்சிபுரத்துல வரதராஜப் பெருமாள், வைகாசி பிரம்மோற்சவத்துல மோகினியா அலங்காரம் பண்ணிக்கிட்டு வருவார். 2019-ல அத்திவரதர் குளத்துலேர்ந்து வெளியில வந்தாரே, அந்த 48 நாளும் டி.வி-யில பார்த்திருப்பீங்க. முதல்ல படுத்த கோலம், அப்புறம் நின்ற கோலம், தினம் ஒரு கலர்ல பட்டு. படுத்திருக்கிற திருமேனிக்குப் பட்டு சாத்தறதுக்கு எந்த யூ-டியூப்ல டுடோரியல் இருக்கு? அப்பா கையைப் பார்த்து மகன் கத்துக்கறது, அவ்வளவுதான்.

கோயிலை விட்டு வெளியில வந்தா கூத்து. காஞ்சிபுரத்தைச் சுத்தியிருக்கிற கிராமங்கள்ல கட்டைக்கூத்து விடிய விடிய நடக்கும். வழிவழியா பெண் வேஷம் கட்டினதும் ஆண்கள்தான். ராத்திரி முழுக்க ஆடிப் பாடி, மண்ணுல சுழன்று விழுந்தாலும் புடவை அவிழக்கூடாது. அதுலயும் திரௌபதி துகிலுரிதல்னா, புடவைதான் அங்க ஹீரோவே! 1990-ல காஞ்சிபுரத்துல தொடங்கின கட்டைக்கூத்துச் சங்கம், பக்கத்துல புஞ்சரசந்தாங்கல் கிராமத்துல 2002-லேர்ந்து 2020 வரைக்கும் ஒரு குருகுலம் நடத்துச்சு. பள்ளிப் படிப்போட கூத்தும் கத்துக் குடுத்தாங்க, பொண்ணுங்களுக்கும் சேர்த்து. ஆகவே தம்பிகளா, புடவை கட்டத் தெரிஞ்ச ஆம்பளை இந்த மண்ணுக்குப் புதுசு இல்ல.

இந்த வித்தையை முதல்ல ஒழுங்கா உட்கார்ந்து பதிவு பண்ணினவங்கள்ல ஒருத்தர் யார் தெரியுமா? ஷாந்தால் புலான்ஜேன்னு ஒரு ஃபிரெஞ்சு மானுடவியலாளர். தமிழ்நாட்டுக் கோயில்களை ஆராய வந்தவர், 1993-ல அதைப் பத்தி ஒரு புத்தகமும் போட்டார். வந்த இடத்துல பெண்கள் விதவிதமா சேலை கட்டறதைப் பார்த்ததும் ஆராய்ச்சி அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. ஒவ்வொரு கட்டையும் படிப்படியா படத்தோட விளக்கி 1997-ல ஒரு புத்தகம் கொண்டுவந்தார். 2004-ல அவர் காலமாயிட்டார். அவர் பார்த்து எழுதின பாட்டிகள்ல பலரும் இன்னிக்கு இருக்க வாய்ப்பில்ல. புத்தகம் இருக்கு.

அவருக்கப்புறம் டெல்லியில ரீத்தா கபூர் சிஷ்டி, ஊர் ஊராப் போய் புடவையையும் கட்டையும் சேகரிச்சு, 108 விதத்தை 2010-ல வந்த புத்தகத்துல தந்தார். 'சாரி ஸ்கூல்'னே ஒண்ணு ஆரம்பிச்சுக் கத்தும் குடுக்கறார். 2017-ல 'பார்டர் அண்ட் ஃபால்'ங்கற அமைப்பு, 80-க்கும் மேற்பட்ட கட்டுகளைச் சின்னச் சின்னப் படங்களா எடுத்து இணையத்துல வெச்சுது. நல்ல வேலை. ஆனா ஒண்ணு கவனிங்க... ஒரே பின்கொசுவத்தை ஒரு ஊர்ல ஒரு மாதிரி செருகுவாங்க, பக்கத்து ஊர்ல வேற மாதிரி முடிச்சு போடுவாங்க. உங்க அப்பத்தா கட்டற கட்டைப் பதிவு பண்ண டெல்லியிலேர்ந்து யாரும் வரப்போறதில்ல. அதுக்கு உங்க பாக்கெட்ல இருக்கிற போன் போதும்.

தி.நகர்லயும் மயிலாப்பூர்லயும் தைச்ச மடிசாரே ரெடிமேடா கிடைக்குது. கொக்கி மாட்டினா முடிஞ்சுது. நான் அதுக்கு எதிரி இல்ல, முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அதுதான் தெய்வம்! ஆனா அதை வெட்டித் தைக்கறதுக்கும் கட்டத் தெரிஞ்ச ஒருத்தர் எங்கயோ இருக்கணும். புடவை கட்டிவிடறதே தொழிலா வெச்சிருக்கிற பெண்களும் இப்போ எல்லா ஊர்லயும் இருக்காங்க, முதல் நாளே கொசுவம் மடிச்சு, அயர்ன் பண்ணி, பெட்டியில போட்டுத் தந்துடறாங்க. நல்ல சம்பாத்தியம், நல்ல திறமை. அவங்ககிட்ட நாலு பழைய கட்டும் போய்ச் சேர்ந்தா அவங்களுக்கும் லாபம்.

இந்த லீவுக்கு ஊருக்குப் போறீங்கல்ல? பாட்டி, அப்பத்தா, அம்மாச்சி, பக்கத்து வீட்டு ஆயா... யாரா இருந்தாலும் சரி. முதல் தடவையே பட்டை எடுக்காதீங்க, வழுக்கும். துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன பழைய நூல் சேலைதான் பழகறதுக்கு நல்லது. பாட்டியைக் கட்டச் சொல்லி மட்டும் வீடியோ எடுத்தா பாதிதான் கிடைக்கும். ஐம்பது வருஷப் பழக்கம், ரெண்டு நிமிஷத்துல கட்டி முடிச்சுட்டு 'அவ்வளவுதான்டி'ம்பாங்க. அதனால உங்களுக்குக் கட்டிவிடச் சொல்லுங்க. அப்போதான் "இப்படி இல்ல, இழுத்துப் பிடி, இங்க ஒரு திருகு திருகு"ன்னு வாய் திறப்பாங்க. அந்தப் பேச்சுதான் தங்கம். கொசுவம், மாராப்பு, கச்சம், தலைப்பு, கோடாலி முந்தி... இந்த வார்த்தைகளும் கட்டோட சேர்ந்து போயிக்கிட்டு இருக்கு. எந்த நுனியில ஆரம்பிக்கறாங்க, எந்தக் கைக்கு அடியில சுத்தறாங்க, முடிச்சு எங்க... எல்லாத்தையும் அவங்க வார்த்தையிலேயே பதிவு பண்ணுங்க. பின்பக்கத்துலேர்ந்தும் ஒரு தடவை எடுங்க, பின்கொசுவத்தை முன்னாலேர்ந்து எடுத்து என்ன புண்ணியம்?

முக்கியமா, செல்ஃபி கேமரா வேணாம். சில போன்ல அது இடது வலதை மாத்திக் காட்டும். ஐயர் வீட்டு மடிசார் ஐயங்கார் வீட்டு மடிசாரா ஆயிடும், அப்புறம் கல்யாண வீட்டுல கலவரமாயிடும்! யாரு, எந்த ஊர், எந்த வயசுலேர்ந்து இப்படிக் கட்டறாங்கன்னு ஆரம்பத்துலயே ஒரு வரி சொல்லச் சொல்லுங்க. வெளியில போடலாமான்னு அவங்ககிட்ட கேட்டுட்டுப் போடுங்க. வேணாம்னா, உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க கத்துக்கிட்டா அதுவே ஒரு காப்பிதான்.

"இதெல்லாம் எதுக்குடி இப்போ, வேலை இல்ல உனக்கு?"ன்னு முதல்ல திட்டு விழும். சும்மா சிரிச்சுட்டு, சேலையை எடுத்து அவங்க கைல குடுத்துட்டு, கையைத் தூக்கிக்கிட்டு நேரா நில்லுங்க. திட்டிக்கிட்டே நுனியைத் தேட ஆரம்பிச்சுடுவாங்க.